காகிதத் தட்டும் மூடிய சன்னலும்

கோவிட் கட்டுப்பாடுகள் எல்லாம் விலகிய பிறகு வந்த இரண்டாவது தீபாவளி அது. பண்டிகைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மலாக்காவில் செர்காம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு வைத்து, தெருவில் எல்லாரையும் விருந்துக்கு அழைத்திருந்தோம். அப்போது நான் காசநோய்ச் சிகிச்சையின் நான்காவது மாதத்தில் இருந்தேன்.

தினமும் காலையில் அரசாங்கக் கிளினிக்கிற்குப் போய், தாதி மிஸ்ஸியின் கண்முன்னே மாத்திரைகளை விழுங்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை, இனி என்னிடமிருந்து யாருக்கும் பரவாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் மற்றவர்களையும் பரிசோதித்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் எனக்கு நோய் வந்த செய்தி தெரு முழுக்கத் தெரியும்.

"யாரும் வரலன்னா என்னங்க பண்றது?" என்று ஒரு வாரமாகவே என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தெரு இனி எங்களை எப்படி நடத்தும் என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் அவளுக்கு.

வருகிறவர்கள் கூசக்கூடாது என்று எல்லாருக்கும் காகிதத் தட்டு, காகிதக் கோப்பை வாங்கி அடுக்கினாள். வெயிலில் வருகிறவர்களுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று சன்னல்களைச் சாத்தி ஏர்கோன் போட்டாள். நோய் வந்த புதிதிலும் எங்கள் வீட்டில் இதே கதைதான். என் தட்டும் டம்ளரும் தனி. தூக்கம் மட்டும் எல்லாரும் ஒரே ஏர்கோன் அறையில்.

மதியம் வரை ஒருவரும் வரவில்லை. பிறகு எதிர்வீட்டு அண்ணன் மனைவியோடு வந்தார். சுங்கை ஊடாங்கில் எண்ணெய் லோரி ஓட்டுபவர். குரலும் லோரி ஹாரன் மாதிரிதான். அவர் நுழைவதைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார்கள்.

"என்னாம்மா இது, கோயில் அன்னதானமா? மங்கு எல்லாம் எங்க போச்சு?" என்றார் தட்டைத் தூக்கிப் பார்த்து.

"இல்லண்ணே, இவருக்கு..." என்று இழுத்த என் மனைவி தலைகுனிந்துகொண்டாள்.

"தட்டுலயா ஒட்டிக்கிட்டு இருக்கு? அது காத்துல பரவுறதுலா. தட்ட மாத்திட்டு சன்னலப் போய் சாத்தி வச்சிருக்கியே! எனக்கும் வந்துச்சும்மா. ஆறு மாசம் விடாம மருந்து சாப்பிட்டேன். இப்ப பாரு, எப்படி இருக்கேன்."

அவர் மனைவி கடித்த முறுக்கை மெல்லாமல் அவரைப் பார்த்தார். "எப்ப வந்துச்சு? என்கிட்ட சொல்லவே இல்ல!"

"கல்யாணத்துக்கு முன்னாடி. சொல்லியிருந்தா நீ என்னைக் கட்டியிருப்பியா?"

"வீட்டுக்கு வாங்க, பேசிக்கிறேன்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அண்ணன் எழுந்துபோய் சன்னல்களைத் தானே திறந்துவிட்டார். என் மனைவி அலமாரியிலிருந்த பீங்கான் மங்குகளை எடுத்து வந்தாள். சாயங்காலம் கூட்டம் சேர்ந்து, அவற்றைக் கழுவிக் கழுவிப் பரிமாற வேண்டியதாயிற்று.

அப்படிக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் கடைசி வீட்டுப் பெண் என் மனைவியிடம் மெல்லக் கேட்டாராம். "அக்கா, ஒரு மாசமா எனக்கு இருமல் விடல. ராத்திரியில வேர்த்துக் கொட்டுது. அந்தக் கிளினிக்குக்குக் கூட வர்றீங்களா?" மறுநாளே இருவரும் போனார்கள். காசநோய்தான். முற்றுவதற்குள் கண்டுபிடித்ததால், சிகிச்சையை முடித்து இன்று நன்றாக இருக்கிறார்.

கட்டிய மனைவியிடம்கூட இத்தனை வருடங்கள் சொல்லாத ஒன்றை, என் மனைவி தலைகுனிந்து நின்ற அந்த நேரத்தில் அண்ணன் ஊரறியச் சொன்னார். என்னைக் குணமாக்கியது எது என்று இப்போது யோசித்தாலும், மாத்திரைகளுக்கு அடுத்தபடியாக அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.