பழசாக்கப் போன பிரா

தைப்பொங்கலுக்குப் பிந்திய இரண்டாம் சனிக்கிழமை அது. எனக்கு ஏழாம் மாதம். மார்கழியிலேயே என் பிராக்கள் எல்லாம் என்னைக் கைவிட்டிருந்தன. விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன என்று எழுதுவதுதான் சரி. கம்பி விலாவில் குத்தியது, தோளில் சிவப்புக் கோடுகள் விழுந்தன. லுணுகலைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் ஆசிரியை. கரும்பலகையின் உச்சியில் திகதி எழுதக் கையைத் தூக்கினால் மூச்சு பாதியில் நின்றது. திகதி எழுதாமல் எனக்குப் பாடம் தொடங்க வராது.

இந்த விடயம் குறித்துக் கைக்கு அகப்பட்டதையெல்லாம் படித்து வைத்திருந்தேன். பருத்தித் துணி, அகலமான தோள்பட்டி, கம்பி கூடவே கூடாது. கடைசி மாதங்களில் வாங்குவதானால் ஆகத் தளர்வான கொக்கியில் பொருந்த வேண்டும். பிள்ளை பிறந்து விலா சுருங்கியதும் உள்கொக்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். முன்பக்கம் திறப்பதாக இருந்தால் பால் கொடுக்கவும் அதுவே போதும்.

இந்தக் கடைசி வரியை அத்தையிடம் சொல்லியிருக்கக் கூடாது. அத்தை என் கணவரின் அம்மா, இன்றும் கொழுந்து பறிக்கிறார்.

"பால் குடுக்குறதுக்குன்னா அது புள்ள சாமான்மா. புள்ள பொறக்குறதுக்கு முன்ன புதுசா எதையும் வீட்டுக்குள்ள கொண்டாரக் கூடாது."

"போடப்போறது நாந்தானே அத்தை?"

"குடிக்கப்போறது யாரு?"

நான் புத்தகத்தை மூடி வைத்தேன். ஆனால் அத்தைக்கும் மனம் கேட்கவில்லை. நான் பாதி மூச்சில் திரிவதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் பக்கம் பிறந்த பிள்ளையை முதலில் பழந்துணியில்தான் சுற்றுவார்கள். புதுசுதான் ஆகாது, பழசு ஆகும். ஆகவே பிராவை அத்தை தமக்கென்று வாங்குவார், ஒரு நாள் போடுவார், பழசாக்குவார், எனக்குத் தருவார். ஏழு மாதத்தில் நானும் அத்தையின் பருமனுக்கு வந்து சேர்ந்திருந்ததால் அளவுச் சிக்கலும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை பசறை வழியாகப் பதுளைக்குப் பஸ் ஏறினோம். கடையில் பெட்டிகளை இறக்கி வைத்த பெண் என் வயிற்றைப் பார்த்து, "அக்காவுக்குத்தானே?" என்றாள்.

"எனக்கு," என்றார் அத்தை.

"அம்மா, இது பால் குடுக்குறவங்க போடுறது."

"தெரியும். எடு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய சட்டைகளைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கியதில் பழைய கம்பி இன்னும் ஆழமாகக் குத்தியது.

திங்கட்கிழமை காலை அத்தை அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். மாலை குளித்துவிட்டு வந்ததும் தந்துவிடுவார் என்று காத்திருந்தேன். தரவில்லை. செவ்வாயும் போட்டுக்கொண்டு போனார். கேட்டால், "இன்னும் பழசாகல," என்றார். புதன்கிழமை அது கொடியில் துவாய்க்கு அடியில் ஒளிந்து காய்ந்தது. தைமாதப் பனியில் காய்ந்ததா என்பதே சந்தேகம், வியாழன் மறுபடி மலைக்குப் போய்விட்டது.

நான் பழைய கம்பியோடு ஐந்து நாளும் பாடம் நடத்தினேன். திகதியைக் கரும்பலகையின் நடுவில் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை மலையிலிருந்து இறங்கி வந்த பெண்கள் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். விடயம் வெளியே வந்திருந்தது. அத்தையோடு ஒரே நிரையில் பறிக்கும் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்காதான் தொடங்கினார்.

"என்னா மதினி, இந்த வயசுல யாருக்குப் பால் குடுக்கப்போறீங்க?"

"ஒன்னய மாதிரி வாயாடிக்குத்தான். வாய அடைக்கணும்ல."

"அப்புடி என்னா இருக்கு அதுல?"

அத்தை குரலைத் தாழ்த்தவே இல்லை. "கூடைய மாட்டிக்கிட்டு மேல ஏறுறப்ப தோளு அறுக்கல. கம்பி குத்தல. வேர்த்தா இந்தக் கொக்கியக் கொஞ்சம் தொறந்தாப் போதும், ஜன்னல் தொறந்த மாதிரி இருக்கு."

"ஜன்னலா!" வாசலே குலுங்கியது. ஒருவர் சிரிப்புத் தாங்காமல் வெறுங்கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

சிரிப்பு ஓயும்வரை காத்திருந்து, "அத்தை, எனக்கு?" என்று கேட்டேன். அழுதுவிடுவேன் போல இருந்தது.

அத்தை என்னைப் பார்த்தார், தம் தோளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டம் ஒரே நொடியில் மாறியது.

"ஏம்மா, நான் போட்டிருக்கேன். எனக்கு என்ன, கைப்புள்ளயா இருக்கு? அப்ப இது புள்ள சாமானே இல்லியே! நாளைக்கே போய் ஒனக்குப் புதுசா வாங்குவோம்."

"எனக்கும் ஒன்னு பாருங்க மதினி," என்றார் வாயாடி அக்கா. மறுநாள் பஸ்ஸில் அவரும் கூடவே வந்தார்.

அதே கடை, அதே பெண். இம்முறை அவள் கேட்காமலே பெட்டிகளை இறக்கி வைத்தாள். போட்டுப் பார்க்கும் மறைப்புக்குள் நான் கடைசிக் கொக்கியை மாட்டினேன். திரைக்கு வெளியே அத்தை நின்றார்.

"மூச்சு முழுசா வருதா?"

"வருதுங்க அத்தை."

"கையத் தூக்கிப் பாரு. கொழுந்து பறிக்கிற மாதிரி ஆட்டு."

நான் ஒரு நாளும் கொழுந்து பறித்தவளல்ல. ஆனாலும் அந்தச் சிறிய மறைப்புக்குள் நின்று காற்றில் பறித்தேன். எதுவும் குத்தவில்லை, எதுவும் அறுக்கவில்லை. வயிற்றுக்குள் இருந்தவளும் இடம் கிடைத்ததுபோல ஒருமுறை புரண்டாள்.

திரைக்கு மேலாக அத்தையின் கைப்பை உள்ளே வந்தது. "இத எடது கையில புள்ள மாதிரி தூக்கிக்க. வலது கையால மட்டும் தொற பாப்போம்."

பை கனமாக இருந்தது, வெற்றிலை மணத்தது. அணைத்துக்கொண்டு பெருவிரலால் முன்கொக்கியைத் தள்ளினேன். டிக்கென்று சத்தம் கேட்டது.

"தொறந்திருச்சி!" என்று வெளியே வாயாடி அக்கா கத்தினார். பக்கத்தில் இடுப்பில் கட்டச் சாரம் வாங்கிக்கொண்டிருந்த ஆண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டே சிரித்தேன், முழு மூச்சில்.