ஸ்கில்ட் என்ற சொல்லும் என் அக்காவும்

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் நான் இங்கிலீஷ் டீச்சர். சில வருஷங்களுக்கு முன்பு சாமான் விலையெல்லாம் ஏறிப்போய், தேயிலைத் தோட்டங்களின் வரிசை வீடுகளில், லயத்துக்கு ஒருவராவது வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அப்போது நான் பிறந்து வளர்ந்த தோட்டத்துப் பெண்கள் சிலர் வந்து, போகிற இடத்தில் பேசுகிற அளவுக்காவது இங்கிலீஷ் சொல்லித் தரச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைக் காம்பராவில் வகுப்பு வைத்தேன். வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. அங்கே பெரியவர்கள் உட்கார நாற்காலி இல்லை. எல்லாரும் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்திருப்பார்கள்.

அவர்களில் என் அக்காவும் ஒருத்தி. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அப்பா இறந்தபோது பத்தாம் வகுப்போடு நின்று தோட்டத்தில் பேர் பதிந்தாள். அவள் தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்குப் போனதால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. புருஷன் நெஞ்சு நோவில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள். அவளை நர்ஸ் ஆக்க வேண்டும் என்பதற்காகத்தான் வெளிநாட்டு யோசனை. வகுப்பில் அக்காவும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள். சிரிக்காமல் கூப்பிடுவாள்.

ஒருநாள் ஸ்கில்ட் என்ற சொல்லைப் பலகையில் எழுதினேன். “ஒரு வேலைய நல்லாப் பழகி, கை தேர்ந்து செய்றவங்களச் சொல்ற வார்த்தை. ஆளுக்கொரு வசனம் எழுதுங்க” என்றேன்.

ஒருத்தி டிரைவரைப் பற்றி எழுதினாள். ஒருத்தி டாக்டரைப் பற்றி. இன்னொருத்தி டவுனில் சட்டை தைக்கிறவரைப் பற்றி. “என் தங்கச்சி இங்கிலீஷில் ஸ்கில்ட்” என்று அக்கா எழுதியிருந்தாள். எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக, அழுத்தமாக இருந்தது.

“பிழை இல்ல. ஆனா ஒங்களப் பத்தி யாருமே எழுதலையே” என்றேன்.

“எங்களப் பத்தி என்ன டீச்சர் இருக்கு எழுத?” என்றாள் டிரைவரைப் பற்றி எழுதியவள்.

நான் அக்காவைப் பார்த்துச் சொன்னேன், “நீ எழுதுக்கா. கொழுந்து எடுக்குறதுல நான் ஸ்கில்ட்னு.”

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு தலையைக் குனிந்து நான் சொன்னதை எழுதினாள். எழுதியதை வாய்க்குள் இரண்டு தடவை வாசித்துப் பார்த்தாள்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் கொழுந்து எடுக்கிறதை நான் எத்தனையோ தடவை நின்று பார்த்திருக்கிறேன். பக்கத்து நிரையில் இருப்பவளோடு பேசிக்கொண்டே போவாள். கண் செடியில் இருக்காது. இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்யும். முற்றிய இலை ஒன்றுகூட கூடைக்குள் விழாது. மழையில் விரல் விறைத்துப்போகிற நாளிலும் அவள் வேகம் குறையாது. புதிதாகப் பேர் பதிந்தவர்களை, பார்த்துப் பழகட்டும் என்று, அவளுக்குப் பக்கத்து நிரையில்தான் வேலையை மேற்பார்க்கும் கங்காணி விடுவார்.

இரண்டு மாதம் கழித்து அக்காவுக்கு விண்ணப்பம் நிரப்ப டவுனிலுள்ள ஒரு ஏஜென்சிக்குப் போனோம். படிவம் முழுக்க இங்கிலீஷ். பெயர், வயது, மதம் எல்லாம் எழுதினேன். செய்த தொழில் என்ற இடத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தல் என்று எழுதினேன். அதற்குக் கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில் ஸ்கில்ட், மற்றதில் அன்ஸ்கில்ட். நான் யோசிக்காமல் முதல் கட்டத்தில் சரி போட்டேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் டை கட்டியிருந்த இளைஞன் எட்டிப் பார்த்தான். “மிஸ், அத மாத்திடுங்க. தோட்ட வேலை, வீட்டு வேலை எல்லாம் மத்ததுலதான் வரும். ஸ்கில்ட்னு போட்டா சர்ட்டிபிகேட் கேப்பாங்க. பைல் திரும்பி வந்துரும்.”

அவன் மரியாதையாகத்தான் சொன்னான். நான் ஏதாவது பேசியிருக்கலாம். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். பைல் திரும்பி வந்தால் அக்கா மகளின் படிப்பு என்னாகும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். போட்ட சரியை வெட்டிவிட்டு மற்றக் கட்டத்தில் போட்டேன். பக்கத்தில் இருந்த அக்கா கையெழுத்து வைக்கப் பேனையை வாங்கினாள். வைக்காமல் அந்த இடத்தையே பார்த்தாள்.

“முன்னால ‘அன்’னு ஒண்ணு இருக்கே, அது எதுக்கு?”

“அது சும்மா, அவங்க வைச்சிருக்கிற வகைதான்க்கா.”

அவள் கையெழுத்து வைத்தாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். றொசல்லயைத் தாண்டும்போது ஒரு மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி அவர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், “வாசிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம் போல.” கோபமாகச் சொல்லவில்லை.

தை மாதம் போனாள். மகள் என்னோடு தங்கிக்கொண்டாள். அங்கே படுக்கையில் கிடந்த ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வெள்ளிக்கிழமைகளில் குரல் பதிவு அனுப்புவாள். “ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும்டி. இல்லாட்டி முதுகு புண்ணாயிரும். இப்ப எனக்கு அவங்க மூச்சுலயே தெரியும், எந்தப் பக்கம் வலிக்குதுன்னு.” அப்படிப் பேசிய நாட்களில் குரலில் ஒரு தெளிவு இருக்கும்.

எட்டாவது மாதம் துணிக்கூடையோடு படியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் போட்டார்கள், ஆனால் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. வேலை செய்ய முடியாது என்று அனுப்பி வைத்தார்கள். விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் இடது கையால்தான் கட்டிப் பிடித்தாள்.

மறுமாதமே, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய் நின்றாள். வேண்டாம் என்று நானும் மகளும் சொல்லியும் கேட்கவில்லை. அன்று பாடசாலை விடுமுறை என்பதால் நானும் மலைக்குக் கூடப் போனேன். இடது கை பழையபடி போனது. வலது கை செடிக்கு மேல் போய் நின்றது. விரல் பிடிக்கிறது, மணிக்கட்டு திரும்பவில்லை. அரை நிரை முடிக்கும்போது மற்றவர்கள் மேட்டுக்கே போய்விட்டார்கள். கங்காணி கிட்டே வந்தார். “நீங்க கீழ போயி புல்லுப் புடுங்குங்க தங்கச்சி. கை சரியானதும் பாப்போம்” என்றார். அவராலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இறங்கும்போது சொன்னேன், “அன்னைக்கு ஏஜென்சியில நான் அத மாத்தியிருக்கக் கூடாதுக்கா.”

“மாத்தாட்டி மட்டும் கை முறிஞ்சிருக்காதா?” என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “அவன் சொன்னது எனக்கு ஒண்ணுமில்ல. நீ போட்ட ஒடனதான் ஒரு மாதிரி இருந்துச்சு” என்றாள்.

அதற்குப் பிறகு மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்த நேரங்களில் அவள் வேறு பேச்சு எடுத்துவிடுவாள்.

மகள் நர்ஸிங் படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறாள். அக்கா மாதத்துக்கொரு தடவை கிளினிக் போகிறாள். இன்னொரு ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்று டாக்டர் சொல்கிறார், தேதிதான் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் அவளுக்குத் தலை பின்னி விடுகிறேன். ஒரு கையை வைத்து அவளால் பின்ன முடிவதில்லை. இறுக்கிப் பின்னச் சொல்வாள். எனக்கு அது சரியாக வருவதில்லை. மத்தியானத்துக்குள் அவிழ்ந்துவிடுகிறது. அவள் அவிழ்ந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டு, இடது கையால் அரிசி புடைக்கப் பழகிக்கொண்டிருக்கிறாள்.