அட்ராக்டாவின் பாட்டை மலக்கி பாடிய ஞாயிறு

எங்கள் அயர்லாந்துக் கடற்கரையில் ஒருவர் பாட்டை இன்னொருவர் தொடக் கூடாது. உரியவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது தொடுவதா? அதுவும் அட்ராக்டாவின் பாட்டையா?

முப்பது வருஷம் பள்ளி வேன் ஓட்டி, டோனகல் பிள்ளைகளைத் திட்டித் திட்டியே ஆளாக்கியவள் அவள். எங்கள் எல்லோருக்கும் அக்கா. அவளுடைய தம்பி ஃபின்டான் பதினெட்டு வயதில் படகோடு கடலில் போனான்; உடல் கிடைக்கவில்லை, கல்லறையும் இல்லை. அவனுக்கென்று இருப்பது அவள் கட்டிய அந்தப் பாட்டு ஒன்றுதான். ஒருமுறை அதில் வரும் பச்சைப் படகைப் பக்கத்து வீட்டு மலக்கி சிவப்பு என்று உளறப் போய், தேநீர்க் கோப்பை பறந்தது. தழும்பு இன்னும் அவன் புருவத்தில் இருக்கிறது.

போன ஞாயிறு பூசை முடிந்து எங்கள் வீட்டுச் சமையலறையில் கூடினோம். மேசையைச் சுவரோரம் தள்ளினோம். என் கணவர் லோர்கன் பிடில் எடுத்தார். அட்ராக்டா ஆடினாளே, அப்பப்பா! ஓர் அடி பிசகவில்லை. பிசகிய மலக்கியை முழங்கையால் இடித்தாள்.

ஆட்டம் ஓய்ந்து எல்லோரும் உட்கார்ந்தோம். நான், "அக்கா, உன் பாட்டு" என்றேன்.

"தொண்டை சரியில்லடீ. வேற யாரையாவது பாடச் சொல்லு."

"போன தடவையும் இதத்தானே சொன்ன?"

"பெரிய வக்கீலு இவ! டீயைக் கொடுடீ."

மலக்கி எழுந்தான். "நீ பாடலன்னா போ. நானே பாடுறேன்" என்று அவள் பாட்டையே எடுத்துவிட்டான்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லோர்கன் கையிலிருந்த வில் நழுவித் தரையில் விழுந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மலக்கியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"டேய், உனக்கு என்ன பைத்தியமா?"

"சும்மா இரு" என்று கிசுகிசுத்தான். "தப்பாப் பாடினா அக்காவே என்கிட்டருந்து பிடுங்கிப் பாடும், பாரேன்."

பிறகு அவளை நேராகப் பார்த்து, வேண்டுமென்றே 'சிவப்புப் படகு' என்று நீட்டினான். என் கண் அவள் கையிலிருந்த கோப்பை மேலேயே இருந்தது.

கோப்பை பறக்கவில்லை. அவள் நிதானமாக ஒரு வாய் குடித்தாள்.

மலக்கியின் குரல் நடுங்கியது. நிறுத்தவும் தெரியாமல், ஃபின்டானைக் கடல் கொண்டுபோகும் அடிவரை பாடி முடித்தான்.

அவள் மட்டும் கை தட்டினாள். கண்கள் கலங்கியிருந்தன.

"உருக்கிட்டியேடா மலக்கி! எங்கடா பிடிச்ச இந்தப் பாட்ட?" கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், சின்னப் பையன். அவனுக்கு அக்கா தங்கச்சி யாராவது இருந்தாங்களா?"

மலக்கி என்னைப் பார்த்தான்.

"ஒரு அக்கா" என்றான் அவன்.

"ஐயோ, எப்படித்தான் தாங்குனாளோ!" என்றாள் அட்ராக்டா.