கை பிடிச்சிருக்கு

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. சண்முகசுந்தரியைத் தெரிந்தவர்கள் யாரும் இதைக் கட்டுக்கதை என்று தள்ள மாட்டார்கள். தென்காசியில் ஓர் எலும்பு ஆஸ்பத்திரியில் பதினோரு வருடம் எக்ஸ்ரே எடுத்தவள் அவள். ஆளை மறந்தாலும் எலும்பை மறக்கமாட்டாள். யாராவது பேய்ப் பேச்சை எடுத்தால், "எல்லாத்துக்கும் இருநூத்தி ஆறு எலும்புதான், போவியளா" என்று வாயை அடைத்துவிடுவாள். அப்படிப்பட்டவள் இப்போது அந்த வேலையையே விட்டுவிட்டாள்.

போன ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை. பட்டப்பகல்தான். ஆனால் சாரல் விடாமல் பெய்து வெளியே மசமசவென்று இருட்டிக் கிடந்தது. சீசன் வந்துவிட்டால் அவளுக்குக் கை ஒழியாது. குளிக்க வந்தவர்கள் பாறையில் வழுக்கிக் கையை ஊன்றி விழுவார்கள், மணிக்கட்டு ஒடியும். கால் பிசகினால் கணுக்கால் வீங்கும். குற்றாலத்தில் தண்ணீர் கொட்டினால் நமக்கு எலும்பு கொட்டும் என்று டாக்டரே சிரிப்பார். அன்று அருவிகளில் வெள்ளம், குளிக்கத் தடை. அதனால் ஆஸ்பத்திரியில் ஈ ஆடவில்லை. டாக்டர் சாப்பிடப் போயிருந்தார்.

மணி 2.10. அவளுடைய தம்பி மணிகண்டபிரபு தொப்பலாக நனைந்து வந்து நின்றான். வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கியிருந்தான்.

"அக்கா... கை பிடிச்சிருக்கு."

அவள் சுவரில் இருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள். வியாழக்கிழமை அவனுக்குப் போலீஸ் வேலைக்கான உடல்தகுதித் தேர்வு. கயிறு ஏற வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவன். வயதுக் கணக்குப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. பெற்றவர்கள் போன பிறகு அவனை ஆளாக்கியது அவள்தான். அந்தக் காக்கிச் சட்டைக்காகத்தான் இத்தனை வருடமும் காத்திருந்தாள்.

"எங்கலே விழுந்த?"

"ஐந்தருவிப் பக்கம். ஓடைப் பாறையில. வழுக்கிட்டு."

"தடை போட்ட அன்னைக்கு அங்கன உனக்கு என்னலே சோலி? கூட யாரு, விஜய்பாண்டியா?"

விஜய்பாண்டி சுரண்டைக்காரன். அதே தேர்வுக்குத் தம்பியோடு சேர்ந்து பயிற்சி எடுக்கிறவன்.

"அவன்... அப்பவே பஸ் ஏறிட்டான்."

நனைந்த சட்டையைக் கழற்றச் சொல்லி, காய்ந்த ஆஸ்பத்திரி அங்கியைக் கொடுத்தாள். கட்டைவிரலின் அடியில் விழும் குழியை அழுத்திப் பார்த்தாள். அந்தக் குழிக்குள் படகெலும்பு என்று ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அது ஒடிந்தால் வெளியே அதிகம் தெரியாது. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்தே கெடுத்துக்கொள்வார்கள். நல்லவேளை, அங்கே வலி இல்லை என்றான். ஆனால் துடைத்த பிறகும் கை சில்லென்றே இருந்தது. மணிக்கட்டைச் சுற்றி நான்கு சிவந்த கோடுகள்.

2.17. முதல் படம் திரையில் வந்தது. முன்கை எலும்பு இரண்டும் சுத்தம். மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளும் சுத்தம். முறிவு இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டவள் மறுபடியும் பார்த்தாள்.

மணிக்கட்டின் மேல் குறுக்காக... இன்னொரு கை. விரல் எலும்புகள் வளைந்து இறுக்கிப் பிடித்திருந்தன.

அப்போதுகூட அவள் பயப்படவில்லை. எக்ஸ்ரே பதியும் தட்டான கேசட்டில் முந்தைய ஆளின் படம் சரியாக அழியாவிட்டால் அடுத்த படத்தில் நிழலாக ஒட்டிக்கொள்ளும். அந்தத் தொழிலில் அதற்குப் பேரே பேய்ப் படம்தான். வேறு கேசட்டை எடுத்து, ஒன்றுக்கு இரண்டு முறை அழித்துவிட்டு வைத்தாள்.

"அக்கா, மணிக்கட்டு விட்டுட்டு. இப்போ முழங்கை பிடிச்சிருக்கு."

2.24. முழங்கையைப் படம் எடுத்தாள்.

முழங்கையில் அதே கை.

இந்த முறை தெளிவாகவே தெரிந்தது. நான்கு விரல்களும் அடிக்கணுவில் ஒடிந்திருந்தன. ஒடிந்த விரலால் எப்படிப் பிடிக்க முடியும்? சுண்டுவிரலில் பழைய முறிவு ஒன்றும் இருந்தது. கபடியில் ஒடிந்து, கட்டுப் போடாமல் கோணலாகச் சேர்ந்த எலும்பு. அது யாருடைய எலும்பு என்று அவளுக்குத் தெரியும். போன வருடம் அவளே படம் எடுத்தது.

"ஏலே... விஜய்பாண்டி எங்க?"

"அதான் சொன்னேன்லா. பஸ் ஏறிட்டான்."

டப்... டப்...

மேசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அங்கி காய்ந்துதான் இருந்தது.

"அக்கா... தோள்பட்டை."

2.31. மூன்றாவது படம்.

கழுத்தடியில் காறை எலும்பு. அதன் மேல் நான்கு விரல்கள்.

ஏறிக்கொண்டிருந்தது...

நான்காவது படம் எடுக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. மூன்று படங்களையும் அழித்தாள். 'முறிவு இல்லை' என்று சீட்டில் எழுதினாள்.

"வீட்டுக்குப் போ. ஓடைக்குப் போனத யாருட்டயும் சொல்லாத."

சொன்ன பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது. அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை காலை 11.20. ஆம்புலன்ஸ் ஓட்டும் ஜெபசிங் அண்ணாச்சி வந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"ஐந்தருவி ஓடை வந்து சேருத சிற்றாத்துல ஒரு பையன் பொணம்மா. சுரண்டைக்காரன், விஜய்பாண்டின்னு பேரு. மூணு நாளு தண்ணியில கெடந்திருக்கான்."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"தலையில அடியில்ல, காலுல அடியில்ல. வலது கையில நாலு விரலு மட்டும் ஒடிஞ்சிருக்கு. பாறையில பட்டிருக்கும்னு சொல்லுதாவ."

"எந்தப் பக்கமா ஒடிஞ்சிருக்கு, அண்ணாச்சி?"

அவர் தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பின்னால் வளைத்துக் காட்டினார்.

பாறையில் பட்டால் எலும்பு நொறுங்கும். இப்படி ஒடியாது. இப்படி ஒடிய வேண்டுமென்றால், உயிருக்குப் பிடித்த பிடியை யாரோ ஒவ்வொரு விரலாகப் பிரித்திருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும்.

மணி 1.05. போன் அடித்தது. திருநெல்வேலியிலிருந்து தம்பி.

"அக்கா! பாஸாயிட்டேன்! கயிறுல ஒரே மூச்சு. மேலருந்து யாரோ கையப் பிடிச்சுத் தூக்கிவிட்ட மாதிரி இருந்துச்சு..."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அக்கா, கேக்குதா?"

"கேக்குது."

"ஒண்ணுமில்ல... கீழ இறங்குனதுலேருந்து ஒரு தொந்தரவு..."

குரல் கம்மியது. பின்னால் ஏதோ சொட்டியது. டப்... டப்...

"கழுத்து பிடிச்சிருக்குக்கா."