யோர்க்கில் இல்லாத தம்பி

இங்கிலாந்தில் ஒருநாளும் கால் வைக்காத நான், அந்நாட்டுப் பழைய நகரங்களைப் பற்றி யார் கேட்டாலும் விரிவுரை நடத்துவேன். புத்தகம் படித்த திமிர்.

இலங்கையில் யுத்தம் முடிந்த அந்த மே மாதம், டென்மார்க்கில் கோல்டிங்கிலிருந்து கொப்பன்ஹேகன் போகும் ரயிலில் முன்பின் தெரியாத நம்மவர் ஒருவர் எனக்கு எதிரே இருந்தார். தொழிற்சாலை உடுப்பு, மழிக்காத முகம். கதைத்து முடிந்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"தம்பி இங்கிலாந்தில இறங்கிட்டான் அண்ணை. காசு வாங்கி ஆள் கடத்துற ஏஜென்சிக்காரன் ஒரு வீட்டில பூட்டி வச்சிருக்கிறான். ஊர்ப் பேர் சொல்ல விடுறானில்லை. ஜன்னலால தெரியிறதை மட்டும் சொல்லுறான். பழைய கல்மதிலாம், அதுக்கு மேல சனம் நடக்குதாம், பெரிய தேவாலயமாம்..."

"யோர்க்!" என்றேன்.

"மதிலுக்குக் கீழயே குதிரைப் பந்தயத் திடலாம்."

"அதுவும் அங்கே உண்டு" என்று ரோமர் காலத்திலிருந்து தொடங்கினேன். முடிவில் புத்திமதியும் சொன்னேன். "நீங்கள் தேடிப் போகாதேங்கோ. அவங்கள் பொல்லாத ஆக்கள். லீவில்லாமப் போனா வேலையும் போயிடும்."

அவர் எழுந்து நின்றார். "போகட்டும். ஊரில எல்லாரையும் பறிகுடுத்தாச்சு. இவனையும் விடச் சொல்லுறியளோ? கதவை உடைச்செண்டாலும் கூட்டிவருவன்."

என் நம்பரை வாங்கிக்கொண்டு, அதே உடுப்போடு விமான நிலையத்துக்குப் போனார். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததென்று இன்றும் யோசிக்கிறேன்.

ஒரு கிழமை கழித்துப் போன் வந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"தம்பிதான் சிரிக்கிறான். அண்ணை, யோர்க் நல்ல வடிவான ஊர். மதிலை ரெண்டுதரம் சுத்தினன். அங்க ஒரு மனுசிதான் சொன்னவ, மதிலடியில குதிரைத் திடல் இருக்கிறது வேற ஊர், நான் தேடுறது செஸ்டர் எண்டு."