மலை ரோடும் கண்மட்டக் கோடும்

டிசைன் கல்லூரியில் பவுண்டேஷன் டிராயிங் சொல்லித்தரச் சேர்ந்த முதல் மாதமே, என்னை மாணவர்களோடு ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூருக்கு அனுப்பினார்கள். சந்தையைத் தாண்டி மேலே ஏறும் ரோட்டை வரைய வேண்டும். நானும் ஒரு போர்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தூரத்தைப் பேப்பரில் காட்டும் பர்ஸ்பெக்டிவில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. கண்மட்டத்துக்கு ஒரு கோடு. ரோட்டின் இரண்டு ஓரங்களும் தூரத்தில் அந்தக் கோட்டின் மேல் ஒரு புள்ளியில் சேரும். வாணியம்பாடியில் எங்கள் தெருவை அப்படித்தான் வரைந்து பழகினேன். இங்கும் அப்படியே போட்டேன். கோடுகள் சுத்தம். ஆனால் பேப்பரில் ரோடு ஏறவில்லை, சமதரையாகக் கிடந்தது. அழித்துவிட்டுப் போட்டேன். மறுபடியும் அதேதான்.

பக்கத்தில் ஆலங்காயத்து மாணவி கலைவாணி. அவள் படத்தில் ரோட்டோரங்கள் கண்மட்டக் கோட்டைத் தாண்டி மேலே போய்ச் சேர்ந்தன. விதிப்படி தப்பு. பார்த்தால் ரோடு ஏறியது.

"என்னுது தப்புங்களா மேடம்? அழிச்சிடட்டுங்களா?"

அழி என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்று சொல்லக் காரணம் தெரியவில்லை. மாலையில் துறைத்தலைவர் வந்து படங்களைப் பார்ப்பார். என்னை வேலையில் தொடர்ந்து வைத்துக்கொள்வதும் அவர் கையில்தான் இருந்தது.

"எனக்கே புரியலம்மா. அழிக்காத, இரு" என்றேன். மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திருப்பத்தூரிலிருந்து வந்த துறைத்தலைவர் இரண்டு படங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"இன்னா பர்வீன், அந்தப் பொண்ணுது ஏறுது, உங்களுது படுத்துக்கெடக்குது?"

"தெரியலங்க சார். விதிப்படிதான் போட்டேன்."

அவர் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பப் போய்ப் பார்க்கச் சொன்னார்.

போனேன். கலைவாணியும் கூட வந்தாள். ஒரு கண்ணை மூடி, ஸ்கேலைக் கண்மட்டத்தில் கிடையாக நீட்டினேன். மற்றக் கையில் பென்சிலை ஒவ்வொரு ரோட்டோரத்துக்கும் ஒட்டிச் சாய்த்தேன். இரண்டும் ஸ்கேலுக்கு மேலேதான் சேர்ந்தன. கலைவாணியையும் பார்க்கச் சொன்னேன். அவளுக்கும் அப்படியே. நான் படித்த விதி சமதரைக்கு மட்டுமானது. என் கண் மேலே பார்த்ததை, என் கை கீழேயே நிறுத்தியிருக்கிறது.

"அப்ப எறங்குற ரோடு இன்னா ஆவும் மேடம்?" என்றாள்.

அதுவும் எனக்குத் தெரியாது. இருவரும் ரோடு இறங்கும் பக்கம் திரும்பி நின்று பென்சிலை நீட்டினோம்.

வேலை நிலைத்தது. புதிதாக டிராயிங் சொல்லித்தர வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மாணவர் எதிரில் குழம்பி நிற்கப் பயப்படாதீர்கள். அந்த மாலைவரை நான் வரைந்துகொண்டு மட்டும்தான் இருந்தேன். குழம்பிய பிறகுதான் பார்க்க ஆரம்பித்தேன்.