ஆல்வின் வீட்டு மாடியில் ஆறு கோப்பைகள்

காவாந்தண்டலத்து ஆல்வின் பத்தொன்பது ஆண்டுகள் கப்பலில் வேலை பார்த்தவர். சரக்குக் கப்பல் அன்று. வசதி படைத்தவர்களை ஏற்றிக்கொண்டு தேசம் தேசமாகச் சுற்றிக் காட்டும் பயணக் கப்பல். அதன் உணவுக்கூடத்தில், இன்ன உணவுக்கு இன்ன ஒயின் பொருந்தும் என்று எடுத்துச் சொல்லி, அதைக் கோப்பையில் அளவாக ஊற்றிக் கொடுப்பது அவருடைய பணி. விடுப்பில் ஊருக்கு வரும்போது யாராவது விசாரித்தால், "ஓட்டல் வேலை" என்று சுருக்கமாக முடித்துக்கொள்வார். விளக்கப் புகுந்தால், "அப்ப கப்பல்ல பார் வெச்சிக்கினு கீறேன்னு சொல்லு" என்பார்கள்.

அத்தனை ஆண்டுகளில் அவர் திறந்த புட்டிகளுக்குக் கணக்கில்லை. ஆனால் அந்த மேசைகளில் ஒன்றிலாவது உட்கார்ந்து ஒரு வாய் உண்டவர் அல்லர். தட்டுகள் கைமாறுவதையும், ஒருவர் ருசித்ததை அடுத்தவருக்கு நீட்டுவதையும், உணவின் நடுவே சிரிப்பு பற்றிக்கொள்வதையும் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றபடியே பார்த்தார். முழங்கால் தேய்ந்து, ஐம்பது வயதில் ஊர் திரும்பிய பிறகு அவருக்கு ஓர் ஆசை வந்தது. அப்படி ஒரு மேசையைத் தம் வீட்டு மாடியில் போட்டு, தம் மனிதர்களோடு உட்கார்ந்து உண்ண வேண்டும்.

மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை என்று நாள் குறித்தார். உத்திரமேரூர்த் தச்சரிடம் சொல்லி நீளமான வேப்பமர மேசை செய்வித்தார். வருகிறவர்கள் மூன்று வீட்டார், ஆறு பேர்: ஆல்வினும் அவர் மனைவி பிரிஸ்கில்லாவும், பக்கத்து வீட்டு இருசப்பனும் செங்கேணியும், ஊர்த் தெருவிலிருந்து வெங்கடேசனும் கல்பனாவும். கல்பனா தலைமையாசிரியையாக இருக்கும் பள்ளியில்தான் பிரிஸ்கில்லா ஆசிரியை. வெங்கடேசனுக்குப் பத்து ஏக்கர் நஞ்சை. ஊர்த் தெருவுக்கும் ஆல்வின் குடியிருக்கும் காலனிக்கும் இடையில் இரண்டு வயல் தூரம்தான். ஆனாலும் அந்த வீட்டார் காலனிக்கு வந்து கைநனைத்த வழக்கம் அதற்கு முன் இல்லை.

ஒவ்வொரு மாதமும் விருந்துக்கு ஒரு பொருள். ஒரு மாதம் கேழ்வரகு, ஒரு மாதம் வேர்க்கடலை, ஒரு மாதம் கருவாடு. அந்தப் பொருளில் வீட்டுக்கு ஒரு பதார்த்தம் செய்து கொண்டுவர வேண்டும். எல்லாம் மேசையின் நடுவில் வைக்கப்படும். அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டியது. சென்னைக்குப் போய் அரசுக் கடையில் இரண்டு புட்டி ஒயின் வாங்கி வருவது ஆல்வினின் பங்கு. மேசை முழுவதற்கும் அந்த இரண்டுதான்.

முதல் மாதம் வெங்கடேசன் தமக்குக் கிருத்திகை விரதம் என்று சொல்லி ஒரு வாழைப்பழத்தோடு எழுந்துவிட்டார். இரண்டாம் மாதம் கல்பனா படியேறும்போதே, "இன்னிக்கு நாள்காட்டிய பார்த்துட்டேன். எந்த விரதமும் இல்ல. ஒழுங்கா சாப்புடுங்க" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். வெங்கடேசன் சாப்பிட்டார். செங்கேணியின் வேர்க்கடலைக் குழம்பை மூன்று முறை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கருவாட்டு மாதத்தில் பேச்சு ஒயினைப் பற்றித் திரும்பியது. "செவப்பு வாங்கியாரக் கூடாதா? பாக்க நல்லா இருக்குமே" என்றார் வெங்கடேசன்.

"செவப்புல துவர்ப்பு அதிகம்ணா. காரத்தோட சேர்ந்தா நாக்கு பத்திக்கும். இது வெள்ளை, லேசா இனிப்பு, லேசா புளிப்பு. கொழம்பு ஒரு வாய், இது ஒரு மடக்கு. பாருங்க."

வெங்கடேசன் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "எரிச்சல் அடங்குது, ருசி அப்படியே நிக்குதேப்பா!"

தாம் கற்ற வித்தையை முதன்முதலாகத் தம் மொழியில், தம் ஊர்க் குழம்புக்குச் சொல்லிக் கொடுத்த மகிழ்ச்சி அன்று ஆல்வினுக்கு இருந்தது.

இருசப்பன் மட்டும் குடிப்பதில்லை. ஒரு காலத்தில் அளவின்றிக் குடித்தவர். மகள் கீர்த்தியின் கழுத்தில் தாலி ஏறிய நேரத்தில் பந்தலுக்குப் பின்னால் நினைவின்றிக் கிடந்தார். எழுந்தபோது மகள் புகுந்த வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். அன்றோடு நிறுத்தியவர், இரண்டு ஆண்டு நான்கு மாதம் ஆகிறது. ஏரியில் மீன் பிடிப்பதும் கிடைத்த நாளில் நடவு வேலைக்குப் போவதுமாக இருக்கிறார். விருந்தில் அவர் செம்பில் தண்ணீர் வைத்துக்கொள்வார். அதை யாரும் பொருட்படுத்தியதில்லை.

ஆல்வினுக்கு இருசப்பன் நண்பர் என்பதற்கும் மேலே. தந்தை ஏசுதாஸ் இறந்தபோது ஆல்வினின் கப்பல் நடுக்கடலில் இருந்தது. குழி வெட்டியவரும், பெட்டியின் தலைமாட்டைத் தோளில் தாங்கியவரும், மகனுக்குப் பதிலாக முதல் பிடி மண் போட்டவரும் இருசப்பன். குடி உச்சத்தில் இருந்த காலம் அது. ஆயினும் அன்று ஒரு சொட்டும் தொடவில்லை என்று பிரிஸ்கில்லா பிறகு சொன்னார்.

கார்த்திகையில் ஏரி நிரம்பியது. அந்த மாதத்தின் பொருள் ஏரி மீன். இருசப்பன் கொண்டுவந்த விராலைச் செங்கேணி குழம்பு வைத்திருந்தார். அன்றைக்கென்று ஆல்வின் சென்னையிலிருந்து ஆறு புதுக் கண்ணாடிக் கோப்பைகள் வாங்கி வந்து, ஆறு இடங்களிலும் வைத்தார். கப்பலில் அதுதான் முறை. குடித்தாலும் குடிக்காவிட்டாலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிக் கோப்பை. அதோடு, வெங்கடேசன் உட்காரும் மேசையில் இருசப்பனுக்கு மட்டும் வேறு பாத்திரம் வைக்க அவருக்குக் கை வரவில்லை. தேநீர்க் கடையில் தங்களுக்கென்று தனிக் குவளை தொங்கிய காலத்தை இருவரும் சிறுவயதில் பார்த்தவர்கள். ஒரே மாதிரிக் கோப்பை மரியாதை என்று அவர் நினைத்தார்.

குழம்பு பிரமாதமாக அமைந்துவிட்டது. வெங்கடேசனுக்கு அன்று மனம் நிறைந்த நாள். இருசப்பனின் கோப்பை வெறுமனே இருப்பதைப் பார்த்து, புட்டியைத் தாமே எடுத்துக்கொண்டு எழுந்து போனார். வெங்கடேசன் வீட்டு ஆண்கள் இருசப்பன் வீட்டாருக்குத் தம் கையால் எதையும் பரிமாறியதில்லை. தாம் அதைச் செய்கிறோம் என்ற பெருமிதம் அவர் முகத்தில் தெரிந்தது.

"எனுக்கு வோணாங்க" என்று இருசப்பன் கோப்பையின் வாயைக் கையால் மூடினார்.

"இன்னாப்பா இது, பொண்ணு பார்க்க வந்த மாதிரி கூச்சப்படற! ஒரு வாய்தான்."

"இல்லீங்க. போதும்."

பந்தியில் இலையை மறைத்துக் கை நீட்டுகிறவருக்குத்தான் இன்னும் ஒரு கரண்டி பாயசம் விழும். மறுப்பது விருந்தாளியின் முறை, கேளாமல் இடுவது வீட்டுக்காரரின் முறை என்றே வளர்ந்தவர் வெங்கடேசன். அந்தப் பழக்கத்தில் கை தானாகச் சாய்ந்தது. ஒயின் இருசப்பனின் விரல்கள்மேல் விழுந்து, இடுக்கு வழியாகக் கோப்பைக்குள் இறங்கியது.

இருசப்பன் கையை எடுத்து, மூக்கருகே கொண்டுபோகப் போய், நடுவில் நிறுத்தினார். பிறகு எழுந்து, குழாயடியில் நெடுநேரம் கை கழுவினார். "மீன ஆறவுடாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். செங்கேணி பின்னாலேயே ஓடினார்.

மறுநாள் அவர் பிரிஸ்கில்லாவிடம் சொன்னார்: "நேரா கடை இருக்கிற ரோட்டுக்குத்தான் நடந்தாரு, அக்கா. நானும் பின்னாடியே போனேன். திரும்பிப் போடின்னாரு, போவல. ஏரிக்கரை வரைக்கும் போயி அங்கயே குந்திக்கினாரு. அப்புறமா வூட்டுக்கு வந்தோம். காலையிலேந்து சோப்பு போட்டுக் கைய கழுவிக்கினே கீறாரு."

பிரிஸ்கில்லா அதை ஆல்வினிடம் சொன்னார். ஒரு மனிதன் இரண்டு ஆண்டுகளாகக் கட்டிய கரையைத் தம் மேசை உடைக்கப் பார்த்திருக்கிறது. ஒயினைத் தொழிலாகக் கொண்டவர் தாம். கோப்பைமேல் வைத்த கை எதைச் சொல்கிறது என்று அந்த மேசையில் மற்ற யாரைவிடவும் அறிந்தவர் தாம். எழுந்து தடுத்திருக்க வேண்டும். அதற்கும் முன்பே, அந்தக் கோப்பையை அங்கே வைக்காமல் இருந்திருக்க வேண்டும்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த இருசப்பனிடம் போய் நின்றார். "மச்சான், இனிமே ஒயினே கிடையாது. விருந்தையும் நிறுத்திடறேன்."

இருசப்பனுக்குக் கோபம் வந்தது. "ஏன்? குடிகாரப் பய ஒருத்தன் வந்தான், எல்லாத்தையும் கெடுத்தான்னு ஊரு சொல்லவா? நீ குடி, அவுரு குடிக்கட்டும். அந்த வாசனை எனுக்குப் பழகிப்போச்சு. பேஜார் அது இல்ல."

"பின்ன இன்னா?"

"நான் வோணாம்னு சொன்னா, வோணாம். அது வெக்கம் இல்ல, மரியாத இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அது அந்த மனுசனுக்குத் தெரியணும். தெரிஞ்சா வரேன். இல்லன்னா மீன மட்டும் குடுத்தனுப்பறேன்."

ஆல்வின் அதை வெங்கடேசன் வீட்டில் போய்ச் சொன்னார். சொல்லும்போது வார்த்தைகளைப் பொறுக்கி எடுத்தாலும், எதையும் மறைக்கவில்லை. கீர்த்தியின் கல்யாண நாளில் நடந்ததையும் சொன்னார். வெங்கடேசன் விளக்கம் சொல்லத் தொடங்கினார்: "நான் பாசத்துலதானேப்பா..." கல்பனா குறுக்கிட்டார். "அவர் ரெண்டு தடவ சொன்னாரு. எண்ணிக்கினுதான் இருந்தேன். நானாவது வாயத் தொறந்திருக்கணும்." வெங்கடேசன் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். ஆல்வின் நம்பிக்கையின்றித்தான் திரும்பினார்.

நான்கு நாள் கழித்துச் செங்கேணி வேலியோரம் நின்று ஆல்வினைக் கூப்பிட்டார்.

"காலங்காத்தால வண்டி சத்தம்ணா. பார்த்தா வெங்கடேசன் ஐயா. தெருவுல நின்னுக்கினு கூப்புடுவாருன்னு பார்த்தா, செருப்ப கழட்டி வுட்டுட்டு உள்ளயே வந்துட்டாரு! நாற்காலியில துணி காயுது. அத்த எடுக்கறதுக்குள்ள தரையில குந்திக்கினாரு."

"இன்னா சொன்னாரு?"

"மொதல்ல டீ குடுத்தேன், குடிச்சாரு. அப்புறம், 'இருசப்பா, வோணாம்னு சொன்னா கூச்சம்னே நெனச்சி வளந்துட்டேன். நான் பண்ணது தப்பு. அடுத்த விருந்துக்கு நீ வந்தாத்தான் நான் போவேன்'னாரு."

"மச்சான் இன்னா சொன்னாரு?"

"அவுரு இன்னா சொல்வாரு? 'விரால் போதுமா, குறவையும் கொண்ணாரட்டுமா'ன்னாரு."

"ரெண்டையும் கொண்ணாரச் சொல்லு" என்றார் ஆல்வின். பிறகு உள்ளே போய், பிரிஸ்கில்லா கேட்டும் காரணம் சொல்லாமல் முகம் கழுவினார்.

மார்கழி விருந்துக்கும் ஏரி மீன்தான் என்று முடிவாயிற்று. போன முறை பாதியில் நின்றதல்லவா? இந்த முறை ஆல்வின் ஆறாவது கோப்பைக்கு என்ன ஊற்றுவது என்பதில் பத்து நாள் செலவிட்டார். கப்பலில் கோடீசுவரர்களுக்குக்கூட அவ்வளவு யோசித்ததில்லை. முதலில் பச்சைத் திராட்சையைப் பிழிந்து கொண்டுபோய்க் காட்டினார். இருசப்பன் நிறத்தைப் பார்த்ததும் தலையாட்டினார். "பார்க்க அதே மாதிரி கீது. வோணாம்." ஆல்வின் உடனே திருப்பி எடுத்துக்கொண்டார். அடுத்து, புளியும் வெல்லமும் கரைத்த பானகம். "கொழம்புக்குத் தொட்டுக்கக் கொழம்பா?" என்று செங்கேணி சிரித்துவிட்டார். மூன்றாவதாக, இளநீரில் இடித்த இஞ்சியும் நார்த்தங்காய்ச் சாறும் கலந்து, மண்பானையில் குளிரவைத்தார். லேசான இனிப்பு, லேசான புளிப்பு. காரத்தைத் தணிக்கும், ருசியை அழிக்காது. இருசப்பன் ஒரு மடக்குக் குடித்து, வாய்க்குள் வைத்திருந்து, விழுங்கினார். "இது சரி."

"எதுல ஊத்தட்டும்? செம்புலயா?"

"ஏன், அந்தக் கண்ணாடி கிளாஸுக்கு இன்னா? அதுலயே ஊத்து."

சனிக்கிழமை ஏழு மணிக்கு ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். பிரிஸ்கில்லா கண்மூடி நன்றி சொன்னபோது, வழக்கமாக உணவுக்காகச் சொல்வதோடு, "வந்திருக்கிறவங்களுக்காகவும்" என்று சேர்த்துக்கொண்டார். ஆல்வின் உரக்க ஆமென் சொன்னார்.

விரால் குழம்பும் குறவை வறுவலும் நடுவில் ஆவி பறக்க இருந்தன. தொடக்கத்தில் பேச்சு சற்றுத் தட்டித் தடவியே நடந்தது. கல்பனா முதலில் இளநீரைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "இத ஏன் இத்தனை மாசமா எங்களுக்குக் காட்டல?" என்று ஆல்வினிடம் சண்டைக்குப் போனார். வெங்கடேசன் வறுவல் தட்டைக் கையில் எடுத்தார். இருசப்பனைப் பார்த்து, "வெக்கட்டுமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, தட்டைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"ரெண்டு வெய்ங்க" என்றார் இருசப்பன்.

"ரெண்டா! என் பங்கு போச்சே" என்றார் வெங்கடேசன். செங்கேணி வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சிரித்ததில் புரையேறி, பிரிஸ்கில்லா முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு யார் பேசுகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்றே தெரியாத அளவுக்கு மேசை கலகலத்தது.

"அடுத்த மாசம் நான் சொல்றேன்" என்றார் இருசப்பன். "அறுவடை முடிஞ்சிருக்கும். புது அரிசி. வெறும் சோறு, கொஞ்சூண்டு நெய்யி, உப்பு. வேற ஒண்ணும் கிடையாது. பத்தொன்பது வருசம் கப்பல்ல இருந்தவரே, சொல்லு. வடிச்ச புதுச் சோத்துக்கு இன்னா ஊத்துவ?"

ஆல்வின் யோசித்தார். கப்பலில் ஒருவரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. "தெரியல மச்சான்" என்றார். "நீ சொல்லு."

"நான் எங்க சொல்றது? நெல்லு அண்ணனுது" என்று இருசப்பன் வெங்கடேசன் பக்கம் கையைக் காட்டினார்.

"எனக்கு மட்டும் இன்னா தெரியும்? வெளைய வெக்கத்தான் தெரியும்" என்றார் வெங்கடேசன். மூவரும் அதை நிஜமாகவே யோசிக்கத் தொடங்கினார்கள். மோர் என்றார் ஒருவர், கஞ்சித் தண்ணீர் என்றார் இன்னொருவர். பெண்கள் மூவரும் அந்த நேரத்தில் குழம்பில் மிச்சமிருந்த தலைத்துண்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள்.